ஒரு மடக்குப் பாட்டு

போன மாதம் தாப்பாவிலிருந்து மலையேறும்போது என் மகன்தான் காரை ஓட்டினான். ஸ்டியரிங்கிலேயே ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அமுக்கினால் ஓடுகிற பாட்டு போய் அடுத்தது வந்துவிடும். ஒரு வளைவுக்கு ஒரு பாட்டு என்று மாற்றிக்கொண்டே வந்தான். சில பாட்டுகளுக்கு வளைவு முடியும் வரைகூட ஆயுள் கிடைக்கவில்லை. “டேய், ஒண்ணையாவது முழுசா ஓடவிடேன்” என்றேன். “முதல் பத்து செகண்டுலயே தெரிஞ்சிடும்பா” என்றான். நாற்பது வருஷத்துக்கு முன்னால் இதே மலையில் இதே வசனத்தைப் பேசித் திரிந்தவன் நான்தான்.

நான் ஒரு காலத்தில் இசை விமர்சகனாக இருந்த கதையை உங்களிடம் சொன்னதில்லை. சிரிக்காதீர்கள். சரிகமவுக்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது, அந்த நான்கிலும் கடைசி எழுத்தில் சந்தேகம் உண்டு. என் வேலை தேயிலை ருசி பார்ப்பது. அதே மலையில் பிரிஞ்சாங் டவுனுக்கு மேலே ஒரு தோட்டத்துத் தொழிற்சாலையில் இருந்தேன். காலை ஏழு மணிக்கு ருசி அறைக்குள் நுழைந்தால், பக்கத்துக் கூடத்தில் புளித்துக்கொண்டிருக்கும் இலையின் வாசம் வரும். ஆப்பிளை நறுக்கி ஈரத்துணியில் சுற்றிவைத்தது போன்ற வாசம். இப்போதும் எங்காவது ஆப்பிள் நறுக்கினால் எனக்குக் கை தானாகக் கரண்டியைத் தேடும்.

மேசையில் இருபது வெள்ளைக் கிண்ணங்கள் வரிசையாக இருக்கும். தோட்டத்துத் துரை முன்னால் போவார், நான் பின்னால் போவேன். கரண்டியில் அள்ளி, அடுத்த அறைக்குக் கேட்கிற மாதிரி உறிஞ்சி, நாக்கில் உருட்டி, தொட்டியில் துப்பிவிட வேண்டும். விழுங்கக் கூடாது. ஒரு மடக்குத்தான். அதற்குள் சொல்லிவிட வேண்டும்: கருகல், சப்பை, புகைவாடை, உயிர் இருக்கிறது. இரண்டாவது மடக்குக் கேட்பவனை அங்கே வேலை தெரியாதவன் என்பார்கள். எனக்கு இரண்டாவது மடக்குத் தேவைப்பட்டதே இல்லை. அந்தப் பெருமையில் தலை கொஞ்சம் கனத்துத்தான் கிடந்தது.

எழுபதுகளின் கடைசியில், கோலாலம்பூரிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு வாரப் பத்திரிகைக்கு வேடிக்கையாக ஒரு கடிதம் போட்டேன். புதிதாக வந்த சினிமா இசைத்தட்டு ஒன்றைத் தேயிலைக் கிண்ணத்தைப்போல உறிஞ்சித் துப்பி எழுதியிருந்தேன். ஆசிரியருக்குப் பிடித்துவிட்டது. வாராவாரம் எழுதச் சொன்னார். ‘ஒரு மடக்கு’ என்று பத்திக்குப் பெயரும் வைத்துக்கொடுத்தார்.

பிரிஞ்சாங்கில் ரேடியோ பழுது பார்க்கும் சீனக் கடைமுதலாளி ஒருவர், எங்கள் பேச்சில் தவுக்கே, இசைத்தட்டும் கேசட்டும் விற்றார். புதிது வந்ததும் எனக்குப் போட்டுக் காட்டுவார். எல்லாச் சரக்கும் வரும். வீணைத் தட்டு ஒன்றுக்கு ‘நல்ல இலை, வெந்நீர் ஊற்ற மறந்துவிட்டார்கள்’ என்று எழுதினேன். டிஸ்கோவுக்கு, ‘சர்க்கரையை எடுத்துவிட்டால் கிண்ணம் காலி.’ மலாய்க்காரப் பையன்களின் கித்தார் கோஷ்டிக்கு, ‘புகைவாடை அடிக்கிறது, ஆனால் உயிர் இருக்கிறது.’ முருகன் பாட்டுக் கேசட் ஒன்றுக்கு, ‘ஆறு பாட்டு, ஒரே மெட்டு, ஆறுமுகனுக்கு இவர்கள் கொடுத்தது ஒரு முகம்தான்.’ ஒவ்வொரு பாட்டிலும் முதல் கொஞ்சத்தைக் கேட்டதும் ஊசியைத் தூக்கித் தள்ளி வைப்பேன். தவுக்கே தலையில் கை வைத்துக்கொள்வார். “அதுக்குள்ள ஹபிஸா லா, முடிஞ்சிதா? அவன் இன்னும் வாயே தொறக்கல!” என்பார். தேயிலைக்காரன் நாக்கு, தவுக்கே, அதற்குமேல் வேண்டாம் என்பேன். வாசகர்கள் பாராட்டி எழுதினார்கள். தாட்சண்யம் பார்க்காத பேனா என்று ஒருவர் எழுதியதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

வேலாயுதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைத் தள்ளிப்போடத்தான் இவ்வளவு நேரம் தவுக்கேயையும் டிஸ்கோவையும் பேசிக்கொண்டிருந்தேன்.

வேலாயுதம் எங்கள் தோட்டத்து லாரி டிரைவர். எனக்குச் சின்ன வயதிலிருந்தே கூட்டாளி. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் அடுத்தடுத்த வீடு. கொழுந்து மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மலைச்சரிவில் வரும்போது பாடிக்கொண்டே வருவான். கல்யாணம், தீமிதி, தீபாவளி என்று தோட்டத்தில் எது நடந்தாலும் மைக்கைப் பிடிப்பவன் அவன்தான். எண்பதுகளின் நடுவில் அவனுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அந்த வருஷ லீவு முழுவதையும் எடுத்துக்கொண்டு ஈப்போவுக்குப் போய், தானே எழுதி மெட்டுப் போட்ட எட்டுப் பாட்டுகளை ஒரு கேசட்டாகப் பதிவு செய்து, விற்க ஒரு பெட்டி நிறையப் பிரதியும் எடுத்து வந்தான். ஒரு சனிக்கிழமை மத்தியானம், மழைக்குத் துண்டில் சுற்றி அதை ருசி அறைக்குக் கொண்டுவந்து கொடுத்தான். புதுப் பிளாஸ்டிக் வாசம் போகாத கேசட். மேசை ஓரத்து டேப்ரிக்கார்டரை இழுத்துக்கொண்டேன்.

போட்டேன். முதல் பாட்டு, கொஞ்சம். தள்ளினேன். இரண்டாவது, கொஞ்சம்.

“முழுசா கேளுடா மச்சான்” என்றான்.

“வச்சிட்டுப் போ. கேக்குறேன்.”

“ரெண்டாவது பக்கத்த மறந்துடாத. கடைசில ஒண்ணு இருக்கு.”

“கேக்குறேன்னு சொல்றேன்ல.”

அவன் போன பிறகு மூன்றாவதும் நான்காவதும் அதே மாதிரிதான். கேசட்டைத் திருப்பிப் போடவில்லை. திங்கட்கிழமைத் தபாலில் பத்தி போயாக வேண்டும். அதைவிட, கூட்டாளி என்பதால் விட்டுக்கொடுத்துவிட்டான் என்று எவனும் சொல்லிவிடக் கூடாதே என்ற பயம். பயம் என்றா சொன்னேன்? திமிர். வேறு யாருக்கும் எழுதாத அளவுக்குக் குத்தலாக எழுதினேன். ஒன்பது வரி. ‘லயத்துக் குளியலறையில் பாடித் தீர்த்திருக்க வேண்டியதை ஈப்போ வரை தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்’ என்று ஒரு வரி. எழுதி முடித்ததும் நானே சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

வியாழக்கிழமை பஸ்ஸில் பத்திரிகை வந்தது. சாப்பாட்டுக் கடையில் ஒருத்தர் உரக்கப் படித்தார். வேலாயுதம் லாரியை நிறுத்தி இறங்கியபோது, “குளியல் முடிஞ்சிதா பாகவதரே?” என்று யாரோ கேட்டார்கள். கடை முழுக்கச் சிரிப்பு. தவுக்கே அடுத்த வாரமே, விற்க வாங்கி வைத்திருந்த கேசட் பெட்டியை அவனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அவன் என்னோடு சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். தொழிற்சாலை வாசலில் லாரியிலிருந்து மூட்டை இறக்கும்போது என் பக்கம் வந்து நின்றான்.

“மறுபக்கம் கேட்டியாடா?”

“கேட்டேன்” என்றேன்.

அடுத்த மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டான். “சரிடா. நீ கேட்டிருந்தா சரி” என்று சொல்லிவிட்டுப் போனான்.

அந்த வருஷத் தீமிதியில் மைக்கில் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். தொண்டை சரியில்லை என்றான். அடுத்த வருஷமும் தொண்டை சரியில்லை. லாரி பாட்டில்லாமல் சரிவில் இறங்கியது. தோட்டத்தில் யாருக்காவது ரேடியோவிலிருந்து பாட்டுப் பிடிக்கக் காலிக் கேசட் வேண்டுமென்றால், “டவுனுக்கு ஏன் போற? எங்கிட்டதான் ஒரு பெட்டி இருக்கே. மேலயே பதிஞ்சிக்க லா” என்று அவனே எடுத்துக் கொடுப்பான். பதிவு அழியாமலிருக்க விட்டிருந்த ஓரத்து ஓட்டையில் காகிதத்தைத் திணித்து, அவன் குரலின் மேல் சினிமாப் பாட்டுகளைப் பதிந்துகொண்டார்கள். ஊரை என்ன சொல்வது? ஒரு வாரம் எனக்கும் அவசரமாகக் காலிக் கேசட் தேவைப்பட்டது. மேசை இழுப்பறையில் கிடந்தது அவன் கொடுத்ததுதான். அதன்மேல் ஒரு புதுப் படத்துப் பாட்டைப் பதிந்தேன். அந்தப் படத்தின் பெயர்கூட இப்போது எனக்கு நினைவில்லை.

பிறகு அவன் குடும்பத்தோடு லெம்பா பெர்த்தாமுக்கு இறங்கிப்போய்க் காய்கறி லாரி ஓட்டினான். பார்த்தால் பேசிக்கொள்வோம், பிள்ளைகள், மழை, உடம்பு என்று. பாட்டைப் பற்றி மட்டும் பேச்சு வராது. ஒருநாள் மாரடைப்பில் போய்விட்டான் என்று சேதி வந்தது. சாவுக்கு நான் போகவில்லை. அன்றைக்கு ஏதோ வேலை என்று சொல்லிக்கொண்டேன். வேலையெல்லாம் ஒன்றுமில்லை, அவன் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

போன வருஷம் ஈப்போவில் என் வீட்டு வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். வேலாயுதத்தின் மகள் வாணி. நாற்பது வயது, அவனுடைய அதே நெற்றி. அம்மாவும் தவறிவிட்டார்களாம். அப்பாவின் குரலைத் தேடுவதாகச் சொன்னாள். மலையில் பழைய வீடுகளில் எல்லாம் கேட்டுப் பார்த்திருக்கிறாள். மூன்று கேசட் கிடைத்திருக்கிறது. மூன்றிலும் சினிமாப் பாட்டுத்தான்.

“எனக்கு விவரம் தெரிஞ்சு அப்பா பாடி நான் கேட்டதே இல்ல மாமா. கடைசிப் பாட்டு நான் பொறந்ததுக்குப் பாடினதுன்னு அம்மா சொல்வாங்க. அப்பாகிட்ட கேட்டா, விடும்மா, என் கூட்டாளி ஒருத்தன் அதக் கேட்டிருக்கான், அது போதும்னுவாரு.” போனை எடுத்து மேசையில் வைத்து, பதிவாகிற பொத்தானை அமுக்கினாள். “ரெண்டு வரி இருந்தாலும் போதும் மாமா. ராகம் சும்மா முணுமுணுத்தாக்கூடப் போதும்.”

போனில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. நான் வாயைத் திறந்தேன். எதுவும் இல்லை. அவன் சரிவில் பாடிக்கொண்டு வந்த குரலைக்கூடக் கூப்பிட்டுப் பார்த்தேன், வரவில்லை. பத்தியில் நான் எழுதிய வரிகள்தான் ஒன்றுவிடாமல் வந்தன.

“நான் கேக்கலம்மா” என்றேன். “கேட்டேன்னு உங்கப்பாகிட்ட பொய் சொல்லிட்டேன்.”

அவள் அழவில்லை. திட்டவும் இல்லை. போனில் பதிவை நிறுத்தினாள். பிறகு, “நீங்க பேப்பர்ல எழுதினது இருக்கா மாமா?” என்று கேட்டாள்.

“அது வேணாம்மா. நல்லா எழுதல.”

“தெரியும் மாமா. அதுலயாச்சும் அப்பா பேரு இருக்குமில்ல? பாட்டு பேரெல்லாம் இருக்குமில்ல?”

அலமாரியிலிருந்து பழைய பத்திரிகைக் கோப்பு ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். முன்னூறுக்கு மேல் பத்திகள், எல்லாம் ஒழுங்காக ஒட்டி வைத்தவை. அவள் பக்கத்தைத் தேடிப் பிடித்து, மேசையில் விரித்து, நிழல் விழாமல் குனிந்து படம் எடுத்தாள். அவள் அப்பா பாடினார் என்பதற்கு இந்த உலகத்தில் மிச்சமிருப்பது அந்த ஒன்பது வரிதான். அதில் கடைசிப் பாட்டின் பெயர் இல்லை.