நா சிராய் சிரிக்காத நாள்

எங்கள் அண்ணி சிரித்தால் ஆற்றுக்கு அக்கரையில் நிற்பவனும் திரும்பிப் பார்ப்பான். மகள் சிராய் பிறந்ததிலிருந்து அவள் பெயர் நா சிராய், அதாவது சிராயின் அம்மா. என் அண்ணனும் எய் சிராய் ஆகிவிட்டான். சிரிப்பது குற்றமில்லை. அட்டை, தவளை, குரங்கு இவற்றைப் பார்த்துச் சிரித்தால்தான் குற்றம். இடிக்குரிய தெய்வம் கோபார் இறங்கிவிடுவார். காற்றில் காட்டு மரம் சாயும், கீழே ஓலைக் குடிசையில் நாம் இருப்போம். அப்போது சிரித்தவர் முழங்காலுக்குக் கீழே மூங்கில் கத்தியால் கீறி, ரத்தத்தைத் தண்ணீரில் கலந்து வானத்தை நோக்கி வீசவேண்டும். அண்ணியின் கால் முழுக்கத் தழும்பு.

அண்ணன் சரியான உம்மணாமூஞ்சி. தூரத்தில் இடி உறுமினால் போதும், “எவ சிரிச்சா?” என்று பெண்டாட்டியைத்தான் பார்ப்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆனால் தாக்கோப் கிழங்கு தோண்டுவதில் அண்ணியை அடித்துக்கொள்ள ஆளில்லை. கொடி காய்ந்து அறுந்துபோயிருந்தாலும் கிழங்கு எங்கே இறங்கியிருக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவாள். அன்று நாங்கள் மூவரும் போயிருந்தோம். நான் விறகு பொறுக்க, அண்ணி கழுத்தளவு குழி தோண்டி, அதற்குள் தலைகீழாகத் தொங்கினாள். வெளியே தெரிந்தது பாதம் மட்டும்தான். அண்ணன் பக்கத்தில் நின்றான்.

கை நீளக் கிழங்கோடு அவள் மேலே வந்தபோது அண்ணனின் மூக்கு நுனியில் ஓர் அட்டை ஆடிக்கொண்டிருந்தது. எனக்கே சிரிப்பு முட்டியது, வாயைப் பொத்திக்கொண்டேன். அண்ணி உதட்டைக் கடித்து, முகத்தை மறுபடி குழிக்குள் நுழைத்துக்கொண்டாள்.

“மூஞ்சிய ஏன் மறைக்கிற?” என்றான் அண்ணன்.

“தலைக்கிழங்க மண்ணு போட்டு மூடுறேன்யா. அடுத்த வருசம் மறுபடி மொளைக்க வேணாமா?”

அவள் சிரிக்கவில்லை. நான் பார்த்தேன்.

குடிசைகளுக்குத் திரும்பியதும் வானம் கறுத்தது. சிராய் காய்ச்சலில் சுருண்டு கிடந்தாள். அவள் குடிசைக்கு மேலேதான் பட்டுப்போன பெரிய மரம் நின்றது. வெள்ளம் ஏறியதால் ஓடிப்போக வெட்டவெளியும் இல்லை. காற்று மரத்தைப் பிடித்து உலுக்கியது. எல்லோரும் அண்ணியைப் பார்த்தார்கள்.

“நான் சிரிக்கலைய்யா! சத்தியமா சிரிக்கல!”

“அட்டையப் பாத்து சிரிச்சிருப்ப. கால கீறு,” என்றான் அண்ணன்.

“அண்ணி சிரிக்கலண்ணா, நான் பக்கத்துலதான் இருந்தேன்!” என்று கத்தினேன். யார் கேட்டார்கள்?

பிள்ளைக்காக அவள் கீறிக்கொண்டாள். வீசினாள். இடி இன்னும் கிட்டே விழுந்தது. மரத்தின் வேர் படபடவென்று முறிகிற சத்தம் கேட்டது.

“சிரிச்சது யாருன்னு சொல்லிருங்களேன்!” அண்ணி அழுதுவிட்டாள். “எம் புள்ள கீழ கெடக்கா.”

அண்ணன் மெதுவாக வந்து அவள் கையிலிருந்த கத்தியை வாங்கினான்.

“தவள,” என்றான்.

“என்ன தவள?”

“நீ குழிக்குள்ள தலைகீழா தொங்குனியே... ஒரு தவள வந்து ஒன் உள்ளங்கால்ல ஏறி உக்காந்துச்சு. நீ கால ஆட்ட ஆட்ட அதுவும் ஆடுச்சு. சிரிச்சிட்டேன்.”

அவன் தன் காலைக் கீறி, ரத்தத்தை வானத்தை நோக்கி வீசினான். “கோபாரே, தப்பு என்னோடது! அவளோடது இல்ல!”

காற்று திசை மாறியது. மரம் பெரும் சத்தத்தோடு விழுந்தது, ஆற்றுப் பக்கமாக. குடிசையின் ஓலைகூட அசையவில்லை. மழை தூறலாகிவிட்டது. அப்பாடா! நான் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். அண்ணன் சிராயை மடியில் அள்ளிக்கொண்டு தேம்பினான்.

அணையாமல் காத்த தணலில் அண்ணி கிழங்கைச் சுட்டாள். எல்லா அடுப்புக்கும் பங்கு போயிற்று. தன் பங்கை அண்ணன் தலை நிமிராமல் உரித்துக்கொண்டிருந்தான்.

“யோவ்,” என்றாள் அண்ணி. “மனுசனப் பாத்துச் சிரிச்சா கோபார் கோச்சுக்குவாரா?”

அவன் தலையை நிமிர்த்தினான். “மாட்டாரு.”

அப்புறம் அண்ணி சிரித்தாள் பாருங்கள். அந்தச் சத்தத்தில் சிராய் விழித்துக்கொண்டு, எனக்கும் கிழங்கு வேண்டும் என்றாள்.