செம்பு தின்ற தொட்டி

பல் டாக்டரிடம் காத்திருந்தேன். மூலையில் ஒரு மீன் தொட்டி. காற்றுப் பம்பு குமிழி விட்டுக்கொண்டிருந்தது. மற்றவர்கள் மீனைப் பார்த்தார்கள், எனக்கோ துரு வாசனை அடித்தது. சொன்னால் சிரிப்பீர்கள், அரியலூரில் நானும் என் வீட்டுக்காரரும் மீனே விடாத இப்படியொரு தொட்டியை நம்பித்தான் ஒரு வருஷம் குடும்பம் நடத்தினோம்.

அவர் ரேடியோ ரிப்பேர்க்காரர். வேலை பார்த்த கடையை மூடிவிட்டார்கள். பாடாலூரில் ஒருவர் ஆட்டோ ஸ்டார்ட்டர் செய்து விற்றுவந்தார். கரண்ட் வந்ததும் பம்புசெட்டைத் தானே ஓட வைக்கும் பெட்டி. அதற்கான சர்க்யூட் போர்டுகளை வீட்டிலேயே செய்து கொடுக்க ஒத்துக்கொண்டோம். செம்பு ஒட்டிய அட்டையில் பெயிண்டால் கோடு போடுவது என் வேலை. துரு வாசனை அடிக்கும் ஃபெரிக் குளோரைடு கரைசலைத் தட்டில் ஊற்றி அதைப் போட்டால், பெயிண்ட் மூடாத செம்பெல்லாம் கரைந்து கோடு மட்டும் நிற்கும். ஆனால் தட்டை ஆட்டிக்கொண்டே இருக்கவேண்டும். ஒரு போர்டு முடிவதற்குள் தோள் விட்டுப்போகும்.

"இது வேலைக்காவாது. தொட்டி கட்டிடலாம்" என்றார் என் வீட்டுக்காரர்.

கண்ணாடியை வெட்டி வாங்கி வந்து சிலிக்கான் பசையால் ஒட்டினார். அடியில் ஓட்டை போட்ட குழாய், மீன் தொட்டிப் பம்பு, சூட்டுக்கு ஒரு ஹீட்டர். ஆட்டும் வேலையைக் குமிழிகள் பார்த்துக்கொண்டன. என் சேலையெல்லாம் மஞ்சள் கறை. விசேஷங்களுக்குப் போனால் கறையை மடிப்புக்குள் ஒளித்துவிடுவேன். விரலை எங்கே ஒளிப்பது?

நாங்கள் பின்கட்டில் வாடகைக்கு இருந்தோம். முன்கட்டில் வீட்டுச் சொந்தக்கார அம்மா, மகள் கல்யாணத்துக்காகப் புதிதாக மொசைக் போட்டிருந்தார். ஒரு மத்தியானம் தொட்டியின் ஒட்டு விட்டுப்போய், கரைசல் முழுவதும் கதவுக்கடியில் அவர் கூடத்துக்கு ஓடியது. திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை.

"மாப்பிள்ளை வூட்டுக்காரங்க வந்து உக்கார்ற எடம்மா இது" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

சுண்ணாம்பு போட்டுத் தேய்த்தோம். கறை அசையவில்லை. "வேற வூடு பாத்துக்குங்க" என்றார், மெதுவாகத்தான்.

சாமான் கட்டும்போது என் வீட்டுக்காரர், "தொட்டி ஒட்ட மாத்திப் போட்டா நிக்கும்" என்றார்.

"போதுங்க" என்றேன். கோபமில்லை, அலுப்பு.

பிறகு அவருக்குச் சிமெண்ட் ஆலையில் எலக்ட்ரீஷியன் வேலை கிடைத்தது. ஷிப்ட். நான் எழும்போது அவர் தூங்கப் போவார். "வேலை எப்படிங்க இருக்கு?" என்று கேட்டால், "போவுது" என்பார். ஓய்வு பெறும்வரை அதே பதில்.

இப்போது அந்த வீடு இல்லை, அவரும் இல்லை. நாங்கள் இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து செய்த வேலை அந்த ஒன்றுதான்.