ஆதாரில் இருந்த வீடு

என் மேசை இழுப்பறையில் ஒரு ஆதார் அட்டையின் ஜெராக்ஸ் கிடக்கிறது. மடித்த இடம் வெளுத்துப்போன பிரதி. முகம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு திட்டுதான் தெரியும். முகவரிக்குக் கீழே சிவப்புப் பேனாவால் இரண்டு கோடுகள். அந்தக் கோடுகளை நான் போட்டது விண்ணப்பத்தை அனுப்பி ரொம்ப நாள் கழித்துத்தான். முதலிலேயே போட்டிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

கள்ளக்குறிச்சியில் டிரைவிங் லைசென்ஸுக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிற கடை என்னுடையது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின், கால் ஆடுகிற மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள். வயதுக்கு டி.சி. அல்லது பத்தாவது மார்க் ஷீட், முகவரிக்கு ஆதார், போட்டோ, ரத்த வகை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். வண்டி ஓட்டத் தெரியாமல் திரும்பிப் போகிறவர்களைவிடக் காகிதம் சரியில்லாமல் திரும்புகிறவர்கள்தான் அதிகம் என்பது இந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் கற்ற பாடம். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகிற டிராக்டர்காரர் ஒருவர், ரேஷன் கார்டுப்படி சொந்த அண்ணனுக்கே மூத்தவர். இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சரிசெய்து பழகியதில் எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தியாகிவிட்டது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த அக்கா வந்தார். கச்சிராயபாளையத்தில் தம்பி வீட்டில் இருந்தார். அந்த ஊர் அணைக்கரையில் தம்பியின் லோடு வண்டியை ஓட்டிப் பழகியவர். ரிவர்ஸ் எடுக்கும்போது தன்னைவிட அக்காவுக்குத்தான் கை சுத்தம் என்று தம்பியே சொன்னாராம். பக்கத்து ஊர்களில் பால் எடுக்கிற வேன் ஒன்றுக்கு டிரைவர் தேவைப்பட்டது. வேன்காரர் இவரை ஓட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, “லைசென்ஸக் கையில கொண்டாம்மா, சாவியத் தர்றேன். தை முடியிறவரைக்கும் பாப்பேன், அப்பால வேற ஆளு” என்று சொல்லியிருந்தார். அப்போது கார்த்திகை.

ஜவுளிக்கடைப் பையில் சுற்றியிருந்த காகிதங்களை அக்கா ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். எட்டாம் வகுப்பு டி.சி. இருந்தது. ஆதார் இருந்தது. வோட்டர் ஐடி மட்டும் இல்லை. கேட்டதற்கு, “அத்த அவரு வச்சிக்கினு கீறாரு. ‘வந்து வாங்கிக்கினு போ’ன்றாரு” என்றார். சின்னசேலம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருந்த கணவர் வீட்டை விட்டு வந்து அப்போது ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. ஆதாரில் இன்னும் அந்த வீட்டு முகவரிதான். மாற்றலாமென்றால் அதற்கு வேறொரு முகவரிச் சான்று வேண்டும். தம்பியின் ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கலாமென்றால், கணவர் வீட்டுக் கார்டிலிருந்து பெயரை நீக்க வேண்டும். அதற்கு வருகிற ஓ.டி.பி. அந்தக் கணவரின் போனுக்குத்தான் போகும். கல்யாணமான வாரத்தில் எல்லாரும் சேர்ந்து ஓடியாடி மாற்றித் தந்த காகிதங்கள் அவை. திரும்பி வரும்போது ஓடியாட ஒருவரும் இல்லை.

“தங்கச்சி, இந்த அட்ரஸ் பரவாயில்லியா?” என்று அக்கா கேட்டார். அவருக்குப் பின்னால் நாலு பேர் நின்றிருந்தார்கள். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, “அட்ரஸா ஓட்டப்போவுது? நீதானக்கா ஓட்டப்போற!” என்றேன். நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். பிரமாதமாகச் சொல்லிவிட்டதாக நானும் நினைத்துக்கொண்டேன்.

ஓட்டிப் பழகுவதற்கான எல்.எல்.ஆர். வந்தது, முப்பது நாள் போனது, பொங்கல் கழித்து டெஸ்ட். முதல் தடவையிலேயே பாஸ். அன்று ஜாங்கிரிப் பொட்டலத்தோடு கடைக்கு வந்து, “கார்டு எப்ப குடுப்பாங்க? நாளைக்கு வர்ட்டா?” என்று கேட்டார். முன்பெல்லாம் ஆர்.டி.ஓ. ஆபீஸிலேயே கையில் கொடுத்துவிடுவார்கள். இப்போது தபாலில்தான் வரும். அதுவும் விண்ணப்பத்தில் இருக்கிற முகவரிக்கு. தினமும் பத்துப் பேரிடம் இதைச் சொல்கிறவள் நான். அன்றும் அப்படியே “தபால்ல வூட்டுக்கு வந்துடும்க்கா” என்று சொல்லிவிட்டேன். சொல்லி முடிக்கும்போதே ஆதாரில் இருந்த முகவரி நினைவுக்கு வந்தது.

“எந்த வூட்டுக்கு?” என்றார் அக்கா.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே கத்தியது நான், கெட்டது அக்காவின் வேலை. அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “அவரு கைல கெடச்சா அதுவும் வோட்டர் ஐடியோட சேந்துடும், தங்கச்சி” என்று மட்டும் சொல்லிவிட்டு, ஜாங்கிரியை மேசையில் வைத்துவிட்டு பஸ்ஸுக்குப் போனார். அன்றுதான் அந்த ஜெராக்ஸை எடுத்து முகவரிக்குக் கீழே இரண்டு கோடு இழுத்தேன். ஜாங்கிரி மறுநாள் எறும்பு மொய்க்கிறவரை அங்கேயே இருந்தது.

கவர் எங்கே வருகிறது என்று கம்ப்யூட்டரில் பார்க்கிற தபால் எண் வந்த நாளிலிருந்து, கடையைத் திறந்ததும் சாமி படத்துக்கு விளக்கேற்றுவதற்கு முன்பே அந்த எண்ணைத்தான் போட்டுப் பார்த்தேன். தை முடிய நாலு நாள் இருந்தபோது ஒரு காலையில் கவர் அந்தக் கிராமத்துத் தபால் நிலையத்துக்குப் போகிறது என்று காட்டியது. அக்காவுக்குப் போன் செய்தேன். கடையைப் பூட்டிவிட்டு அவரோடு பஸ் ஏறினேன். வழியெல்லாம் நான்தான் பேசிக்கொண்டிருந்தேன். அக்கா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தார்.

ஒரு வீட்டின் முன்னறைதான் அங்கே தபால் நிலையம். தபால்காரர் பட்டுவாடாவுக்குக் கட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். அக்காவைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். “வாம்மா, எப்ப வந்த? ஒரு கவர் வந்துகீது. வூட்ல குடுத்துர்றேன், உன் வூட்டுக்காரரு இருப்பாரு” என்றார். அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை, அந்த ஊர் வழக்கம் அது. எந்தப் பெண்ணுக்குத் தபால் வந்தாலும் வாசலில் இருக்கிற ஆண் கையில்தான் போகும். நான் வாயைத் திறந்தேன். அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினார்.

“கவர்ல மேல யாரு பேருங்க எழுதிகீது?”

தபால்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெயரைச் சத்தமாகப் படித்தார். அக்காவின் பெயர்.

“அது நான்தாங்களே. எங்கிட்டயே குடுங்க.”

அவர் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, “நாளைக்கி அவரு வந்து கேட்டா நான் பதில் சொல்லணும்மா. ப்ரூஃப் எதனா கீதா?” என்றார். அக்கா ஆதாரை நீட்டினார். பெயர், கணவர் பெயர், கதவு எண், தெரு, ஊர் என்று கவரையும் அட்டையையும் பக்கத்தில் வைத்து விரலால் தடவிச் சரிபார்த்தார். ஒரு எழுத்து மாறவில்லை. இரண்டு வாரமாக நான் தலையில் அடித்துக்கொண்ட அதே முகவரி. “எல்லாம் சரியாத்தான் கீது. கையெழுத்துப் போடு” என்றார்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு வரும்வரை அக்கா கவரைப் பிரிக்கவில்லை. இறங்கி, டீக்கடை ஓரமாக நின்று பிரித்துப் பார்த்துவிட்டு அழுதார். நானும் அழுதேன். மறுநாள் காலையில் சாவி அவர் கைக்கு வந்தது.

அதற்குப் பிறகு யார் ஆதாரை நீட்டினாலும் முதலில் சிவப்புப் பேனாவைத்தான் எடுக்கிறேன். முகவரிக்குக் கீழே கோடு போட்டு, “இப்ப இந்த வூட்லதான் கீறீங்களா?” என்று கேட்பேன். ‘இதென்ன கேள்வி’ என்று முறைக்கிறவர்கள் உண்டு. சில பெண்கள் மட்டும் உடனே பதில் சொல்லமாட்டார்கள். அவர்களை உட்காரச் சொல்லிவிட்டு, பின்னால் நிற்பவர்களை முதலில் அனுப்பிவிடுவேன்.

போன வாரம் பால் வேன் கடை வாசலில் வந்து நின்றது. ரிவர்ஸில் ஒரே வீச்சில், சாக்கடைக்கு ஒரு சாண் விட்டு. அக்கா இறங்கிவந்து புது ஆதாரை மேசையில் வைத்தார். கச்சிராயபாளையத்தில் தனியாக வாடகைக்கு எடுத்திருக்கிற வீட்டின் முகவரி. லைசென்ஸிலும் மாற்ற வேண்டுமாம். பழைய ஜெராக்ஸை இழுப்பறையிலிருந்து எடுத்துக் காட்டினேன். “இன்னும் வச்சிக்கினு கீறியா?” என்று சிரித்தார். புதியதை ஜெராக்ஸ் போட்டு, முகவரிக்குக் கீழே கோடு இழுத்து, பழக்க தோஷத்தில் கேட்டேன்.

“இப்ப இந்த வூட்லதான் கீறியாக்கா? கார்டு வர்றப்ப ஆள் இருக்கணும்.”

“பகல்ல நான் எங்க இருப்பேன், வண்டில இருப்பேன். வூடு பூட்டித்தான் கெடக்கும்” என்றார் அக்கா. இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து மேசையில் வைத்தார். வேன் சாவியோடு ஒரே வளையத்தில் வீட்டுச் சாவியும் இருந்தது. “தபால் ஆபீஸ்லயே வச்சிருக்கச் சொல்லு, தங்கச்சி, நானே வந்து வாங்கிக்கினு போறேன். வேற யாரு கைலயும் குடுக்க வேணாம்.”