போகும் திகதி

இன்று காலை ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து ஒரு படிவத்தை நீட்டினார். சீருடையும் இல்லை, அடையாள அட்டையும் இல்லை. வீட்டில் யார் யார், எந்தப் பள்ளியில் தொழுகிறார்கள், வெளியாட்கள் தங்கியிருக்கிறார்களா என்று படிவம் கேட்டது.

"தம்பி, இத எந்தச் சட்டத்தில கேக்கிறீங்க?"

"சும்மா ஒரு விபரத்துக்குத்தான் நானா. எல்லா ஊட்டுலயும் தந்திட்டாங்க" என்று என்னை அண்ணனாக்கிச் சொன்னார்.

சும்மா என்றால் என் தொழுகை எதற்கு என்று நான் வாசலில் மல்லுக்கட்டுவதற்குள், மனைவி அதை நிரப்பிவிட்டாள். சாய்ந்தமருதில் உள்ள இந்த வீடு அவளுக்குச் சீதனமாக வந்தது. அதனால் படிவத்தில் வீட்டுக்காரர் அவள். வெளியாள் நான், ஊர் நற்பிட்டிமுனை.

"கலியாணம் முடிச்சிப் பன்னிரண்டு வருஷம்!" என்றேன்.

"ஓம், அதுக்கு நீங்க இந்த ஊராகிடுவீங்களா?" என்று சிரித்தாள்.

வந்தவர் சிரிக்கவில்லை. "இவர் போற திகதிய எழுதல்லயே?"

மனைவியின் சிரிப்பு நின்றது. "அவர் எங்க போற? அவர் என்ட மாப்பிள்ள."

"அப்ப அத வெறுமையா விடுங்க. நாங்க போட்டுக்குவம்."

திருத்தித் தருகிறேன் என்று நான் கை நீட்டும்போது படிவம் அவருடைய பைக்குள் போய்விட்டது.

உங்கள் வீடுகளில் யாருக்குத் திகதி போடப் போகிறார்களாம்?