வேம்புலியும் கிளட்ச் இல்லாத லாரியும்

குமணன்சாவடி முனையில் லாரி துள்ளிக் குலுங்கி நின்றது. உள்ளே உட்கார்ந்திருந்த முதலாளி ஜானகிராமன் முன்கண்ணாடியில் மூக்கை இடித்துக்கொண்டார். ஒரே வாரத்தில் இது மூன்றாவது இடி. ஓட்டியவனும் மூன்றாவது டிரைவர்.

1946ஆம் ஆண்டு சித்திரை மாதம். யுத்தம் முடிந்து, ஆவடி ராணுவக் கிடங்கில் பழைய வண்டிகளை ஏலம் விட்டுக்கொண்டிருந்தார்கள். பூந்தமல்லியில் லாரித் தொழில் செய்த ஜானகிராமன் அங்கே ஓர் அமெரிக்க லாரியைப் பிடித்தார். அடிபட்ட கிழட்டு வண்டிதான்; ஆனால் யானைப் பலம். கொண்டுவந்து நிறுத்திய பிறகுதான் பார்த்தார், அதில் கிளட்ச் மிதியே இல்லை. கியர் தானாகவே மாறிக்கொள்ளும். சுகமாகத்தானே இருக்கும்? டிரைவர்களின் இடது காலுக்கு அது புரியவில்லை. வண்டி வேகமெடுத்ததும் பழைய ஞாபகத்தில் கிளட்ச் என்று ஓங்கி மிதிக்கும். அந்த இடத்தில் இருந்தது அகலமான பிரேக்.

"இன்னாடா கோதண்டம், அந்த எடது காலக் கட்டி வெச்சிக்கினு ஓட்டக் கூடாதா?" என்று மூக்கைப் பிடித்தபடி கத்தினார் ஜானகிராமன்.

"பதினஞ்சு வருசமா மிதிச்ச காலு மொதலாளி. கட்டினாலும் கேக்காது. வெட்டிப் போட்டாத்தான் உண்டு," என்றான் டிரைவர் கோதண்டம்.

டீக்கடைக் கூட்டம் சிரித்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு, கக்கத்தில் ஊன்றுகட்டையோடு ஒருவன் முன்னால் வந்தான்.

"ஏற்கெனவே வெட்டிப் போட்ட காலு எங்கிட்ட கீது மொதலாளி," என்றான். "நான் ஓட்றேன்."

அவன்தான் வேம்புலி. பருத்திப்பட்டில் கூலிக்கு நாற்று நட்ட குடும்பம். இவனுக்கு மட்டும் சிறுவயதிலிருந்தே சக்கரத்தின் மேல் ஆசை. பூந்தமல்லி பஸ்ஸில் கிளீனராகச் சேர்ந்தான், டிரைவர் ஆனான். பெட்ரோல் பஞ்சம் வந்ததும் பஸ்ஸின் பின்னால் கரி அடுப்பு வைத்து ஓட்டினார்களே, அந்த வண்டியை நடுவழியில் ஒருநாள்கூட நிறுத்தாதவன் என்று பெயர் வாங்கினான். பிறகு ஆவடிக் கிடங்கில் லாரி ஓட்டப் போனான். அங்கே ஒருநாள் மேலேயிருந்து பெட்டி ஒன்று சரிந்து விழுந்தது. இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அதன் பிறகு ரிப்பேர் கொட்டகையில் உட்கார்ந்து சாமான் துடைத்தான். இந்த மாதிரி கியர்ப் பெட்டிகளைப் பிரித்து மாட்டும்போதெல்லாம் கண்கொட்டாமல் பார்த்தான். கிடங்கில் ஆட்களைக் குறைத்ததும் அந்த வேலையும் போனது. மனைவி கன்னியம்மா செங்கல் சூளைக்குப் போக, இவன் வீட்டில் உலை வைத்தான். கால் இல்லாதவனுக்கு யார் வண்டி கொடுப்பார்கள்?

ஜானகிராமன் அவனை மேலும் கீழும் பார்த்தார். ஓசூரில் புதிதாகக் கட்டிய ஓர் ஆலைக்குப் பாய்லர் போகவேண்டியிருந்தது. டிரெய்லரோடு சேர்த்து ஆறு டன். மற்ற லாரிகள் அதை அசைக்கக்கூட மாட்டா.

"வியாழக்கிழம சாயங்காலத்துக்குள்ள ஓசூர்ல சேத்துட்டா இந்த வண்டி உன் கையிலதான். வழியில படுத்துக்கிச்சோ, ஒடச்சுப் பழைய இரும்புக்குப் போட்டுருவேன். நீயும் அப்பறம் என் மூஞ்சில முழிக்காத."

செவ்வாய் விடிந்ததும் வண்டி கிளம்பியது. அமெரிக்க லாரிக்கு ஸ்டியரிங் இடப்பக்கம். எதிரே வரும் வண்டியைப் பார்த்துச் சொல்ல வலப்பக்கத்தில் கோதண்டம். வேம்புலி வலது காலால் மெல்ல முடுக்கினான். ஆறு டன் பாரமும் சத்தமில்லாமல் பின்னால் நகர்ந்து வந்தது. ரெண்டு வருஷத்துக்குப் பிறகு கையில் ஸ்டியரிங்! அவனுக்குப் பாடவேண்டும் போலிருந்தது.

"இன்னா அண்ணாத்தே, கல்யாண மாப்ள மாரி சிரிக்கிற?"

"நீ ரோட்டப் பாருடா நைனா."

பத்து மைலுக்கு ஒருமுறை நிறுத்தி, டிரெய்லர் கொக்கியைத் தட்டிப் பார்த்தான். முதல் ராத்திரி வேலூர், அடுத்தது கிருஷ்ணகிரி. வியாழன் காலையில் மேலுமலை ஏற்றம் எதிரே நின்றது.

பாதி ஏற்றத்தில் வண்டி தடுமாறத் தொடங்கியது. கியர் தானாக மேலே தாவும், பாரம் பின்னுக்கு இழுக்கும், உடனே கீழே இறங்கும், மறுபடியும் தாவும். வேம்புலி கியர்க் கம்பியைத் தள்ளித் தாழ்ந்த கியரிலேயே பிடித்து நிறுத்தினான். தாவல் நின்றது. ஆனால் காலடியிலிருந்து எண்ணெய் கருகும் வாசனை வந்தது.

"எறங்கு! சக்கரத்துக்குக் கட்ட போடு!"

கோதண்டம் குதித்து ஓடி டிரெய்லர் சக்கரங்களுக்குப் பின்னால் மரக்கட்டைகளைச் செருகினான். வேம்புலி கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, கியரை விடுவித்து, இன்ஜினை மட்டும் ஓடவிட்டான்.

"கியர்ப் பொட்டி கொதிக்குது, தண்ணி ஊத்தட்டா?" என்று கோதண்டம் வாளியோடு வந்தான்.

"ஊத்தினா விரிசல் உட்டுரும். இதுக்கு உசிரே உள்ள கீற எண்ணெதான். இன்ஜின் ஓடட்டும், எண்ணெ சுத்தி வந்து தானா ஆறும்."

பின்னால் ஒரு பஸ் வந்து நின்று விடாமல் ஹாரன் அடித்தது. ஜனங்கள் இறங்கி வந்து ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். தள்ளலாம் என்றார் ஒருவர். பாய்லரை உருட்டிவிடலாம் என்றார் இன்னொருவர். பஸ் டிரைவர் எட்டிப் பார்த்துவிட்டு இடுப்பில் கைவைத்தான்.

"கிளட்ச் இல்லாத வண்டிக்குக் கால் இல்லாத டிரைவரா? நல்ல ஜோடிதான்யா!"

எல்லோரும் சிரித்தார்கள், வேம்புலியும் சிரித்தான். ஆனால் வண்டியை எடுக்கவில்லை. அரை மணி போனது.

"அண்ணாத்தே, இன்னிக்குத்தான் வியாயக்கெயம," என்று கோதண்டம் பல்லைக் கடித்தான்.

"தெரியும். இப்ப எடுத்தா பொட்டி கருகும், அப்பறம் எந்தக் கெயமயும் கெடயாது."

முக்கால் மணிக்குப் பிறகு கியர்ப் பெட்டியில் எண்ணெய் பார்க்கும் அளவுக்கம்பியை உருவி, நுனியில் நின்ற எண்ணெயை விரலில் தேய்த்துப் பார்த்தான். சூட்டை விரல் பொறுத்தது. ஏறி உட்கார்ந்தான். தாழ்ந்த கியரைப் போட்டு முடுக்கியபடியே கைப்பிரேக்கை அங்குலம் அங்குலமாகத் தளர்த்தினான். கொக்கி முனகியது. கிளட்ச் வண்டியாக இருந்தால் வெட்டி இழுத்திருக்கும், அந்தச் சரிவில் கொக்கி தெறித்திருக்கும். இது எண்ணெயின் பிடியில் மெள்ள, மெள்ள நகர்ந்தது. கட்டைகளைத் தூக்கிக்கொண்டு கோதண்டம் பின்னாலேயே ஓடினான். பஸ் ஜனம் மொத்தமும் கூச்சல் போட்டுக்கொண்டு கூடவே ஏறியது. உச்சியைத் தொட்டதும் பஸ் டிரைவர் ஹாரனை நீட்டி அடித்தான். அது கேலி இல்லை.

சாயங்காலம் நான்கு மணிக்கு ஓசூர். முந்தின நாளே பஸ்ஸில் வந்து காத்திருந்த ஜானகிராமன் பாய்லரைச் சுற்றிச்சுற்றி வந்தார். ஒரு கீறல் இல்லை.

"வாக்கு வாக்குதான். இனிமே இந்த வண்டிக்கு நீதான் டிரைவர்," என்றார். அடுத்த மூச்சிலேயே, "பூந்தமல்லிக்குக் கருங்கல்லு கெடக்குது, ஏத்திக்கினு இப்பவே கெளம்பிடு" என்றார்.

வேம்புலி அளவுக்கம்பியை உருவினான். விரலில் தொட்டு உடனே உதறினான்.

"ஒரு மணி நேரம் ஆவும் மொதலாளி. எண்ணெ சூடா கீது."

ஜானகிராமன் கடிகாரத்தைப் பார்த்தார், வேம்புலியைப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கருங்கல் குவியல்மேல் உட்கார்ந்துவிட்டார்.