கதிருக்கு மேலே மாட்டுக்கு, கீழே மண்ணுக்கு

படவேடு போகும் சாலையோரம் இருக்கும் எங்கள் நிலத்தில், மக்காச்சோளம் போட ஆரம்பித்த நாளிலிருந்தே ஒரு வழக்கம் உண்டு. கதிர் போக மிஞ்சி நிற்கும் தண்டும் தோகையுமான தட்டை, கதிர் ஒடிக்க வருபவர்களுக்கே சொந்தம். எங்களுக்கு ஒடிப்பவர் பக்கத்து வீட்டு அத்தை. கடைசிக் கதிர் சாக்கில் விழுந்ததும் தட்டையை அடியோடு அறுத்துக் கொட்டகைக்குக் கொண்டுபோய்விடுவார். கோடை முழுவதும் அவருடைய இரண்டு பசுக்களுக்கும் அதுதான் தீனி. அந்தப் பாலை நம்பித்தான் அவர் வீடு நடந்தது.

நான் விவசாயப் பட்டயம் படித்துவிட்டு ஆரணிக்கு வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். எங்கள் மண்ணில் கரிமச் சத்து குறைவு என்று பரிசோதனை அட்டை சொன்னது. அட்டை இல்லாமலே தெரியும். மழை பெய்தால் மேல்மண் ஏடு கட்டும், காய்ந்தால் வெடிக்கும், எவ்வளவு உரம் போட்டாலும் கதிர் நுனியில் மணி பிடிக்காது. தட்டையை நிலத்திலேயே மடக்கி உழ வேண்டும் என்று அப்பாவிடம் சொன்னேன்.

"அத நீயே அவ கிட்ட சொல்லிக்கோ," என்றார்.

சொன்னேன். அத்தை களை வெட்டுவதை நிறுத்தவில்லை.

"இன்னாம்மா, படிச்சிட்டு வந்து என் மாட்டு வாய்ல மண்ண போடறியா? சித்திரையில அதுங்க இன்னா துன்னும், உன் சர்ட்டிபிகேட்டா?"

அன்று மாலை பால் வாங்கப் போனபோது தீனித் தொட்டியைப் பார்த்தேன். போன வருஷத்துத் தட்டையில் தோகையையும் மெல்லிய மேல்பகுதியையும் தின்றுவிட்டு, தடித்த அடித்தண்டை மாடுகள் ஒதுக்கியிருந்தன.

மறுநாள் அப்பாவும் நிலத்தில் இருக்கும்போது மீண்டும் அத்தையிடம் போனேன். "கதிருக்கு மேல இருக்கறது முழுக்க உங்களுக்கு அத்தை. மணி முத்தினதும், பச்சை இருக்கும்போதே அறுத்துக் காயவச்சுக்குங்க. தோகை உதிராது. கீழ இருக்கறது நிலத்துக்கு."

"பத்தலன்னா?"

"வரப்புப் புல்லு, வேலியோர அகத்தி, எல்லாம் உங்களுக்குத்தான்."

"அதுவும் பத்தலன்னா ரெண்டு மாட்டையும் உங்க வாசல்ல கட்டிடுவேன். அண்ணா, கேட்டுகினீங்களா?"

அப்பா கேட்காதவர் போல மோட்டார் பக்கம் நடந்தார்.

அத்தை மேல்தட்டையை அறுத்துக்கொண்டுபோய், ஒடிப்பும் முடிந்ததும் அடித்தண்டைத் துண்டு துண்டாக நறுக்கிப் பரப்பி, லேசாக யூரியா தூவி, டிராக்டரில் மாட்டிய ரோட்டாவேட்டரால் மண்ணோடு கலந்து தண்ணீர் விட்டோம். தண்டை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தாங்கள் எடுத்துக்கொள்ளும். அதை யூரியாவால் ஈடுகட்டாவிட்டால் அடுத்த பயிர் மஞ்சளடித்துவிடும். பஸ்ஸுக்கு நின்றவர்களுக்கு இது வேடிக்கையாகிவிட்டது. "பயிரே இல்லாத நெலத்துக்கு யூரியா போட்டுகினு கீறாங்க பாரு!"

அந்தக் கோடையில் எங்கள் மண்ணைவிட அத்தையின் தட்டைப் போரைத்தான் நான் அதிகம் பார்த்தேன். வைகாசியில் அது முழங்கால் உயரத்துக்கு இறங்கிவிட்டது. அத்தை தினமும் வந்து அகத்தி ஒடித்துப் போனார். பால் கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை. மழை இறங்கி வரப்பில் புல் தலைகாட்டியபோது போரில் இன்னும் சில கட்டுகள் மிச்சமிருந்தன. எனக்கு அன்றுதான் மூச்சு வந்தது.

அடுத்த மக்காச்சோளத்துக்கு எப்போதும் போடும் உரம்தான் போட்டோம். பாய்ச்சிய ஈரம் முன்பைவிடக் கூடுதலாக நிற்கிறது என்று அப்பா சொன்னார். முத்திய கதிர் ஒன்றை அத்தை உரித்துப் பார்த்தார்.

"நுனி வரைக்கும் மணி கட்டிகினு கீது. தட்டையும் என் உசரத்த தாண்டிடுச்சு."

"ஆமா அத்தை."

"அப்ப கால்வாய் ஓரமா ரெண்டு வரிசை அடியோட எனக்கு."

"அடித்தண்ட மாடு துன்னாதே."

"அடுப்பு துன்னும்," என்றார் அத்தை, அரிவாளைத் தீட்டிக்கொண்டே.

அப்பா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.