ஆடாத கோடு

அன்று தோர்ண்டன் ஹீத்தில் அந்த மாடி அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர்: ஆராய்ச்சி செய்யும் வெள்ளைக்காரப் பெண், மொழிபெயர்க்க வந்த சென்னைப் பிள்ளை, ஆர்ச்வேயிலிருந்து வந்த ஓர் அண்ணை, என் மனைவி, நான். கதவுக்குப் பக்கத்துக் கதிரை எனக்கு. எங்கே போனாலும் அப்படித்தான்.

அண்ணைக்கும் எனக்கும் மூன்று வருடத்துக்கு மேலாக, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, ஒரு படிவம் வரும். நித்திரை குழம்புகிறதா, நெஞ்சு படபடக்கிறதா, காரணமில்லாமல் பயம் பிடிக்கிறதா என்று கேள்விகள். ஒன்று என்றால் இல்லை, ஐந்து என்றால் எப்போதும்; ஓர் எண்ணுக்கு வட்டம் போடவேண்டும். அனுப்பினால் பத்துப் பவுண் கூப்பன். நான் ஏழு படிவம் அனுப்பியிருந்தேன்.

"ஒருத்தர் இன்னைக்கு எப்படி இருக்கார்னு மட்டும் இவங்க பாக்கல," என்றாள் சென்னைப் பிள்ளை. "காலம் போகப் போக எப்படி மாறுறார்னு பாக்குறாங்க. ஒரே மாதிரி மாறுறவங்களை கம்ப்யூட்டர் ஒரு குழுவா சேர்க்குது."

மூன்று குழுக்களாம். பயம் குறைந்து வருபவர்கள், கூடிக்கொண்டே போகிறவர்கள், மாறாமல் இருப்பவர்கள். கூடுகிறவர்களுக்குத்தான் தமிழில் தொடங்கும் சிகிச்சை வகுப்பில் முதல் இடம். அதற்காகத்தான் மனைவி என்னை இழுத்து வந்திருந்தார். கதவு பூட்டினேனா என்று பார்க்க பஸ்ஸிலிருந்து இறங்கி இறங்கி வீட்டுக்கு ஓடியதில், அந்த மாதம் மட்டும் இரண்டு ஷிப்ட் போய்விட்டது. மூன்றாவதும் போனால் வேலை இல்லை என்று மனேஜர் சொல்லிவிட்டார்.

எங்கள் பதில்களைக் கோடாக வரைந்து, அவரவருடையதைத் தாளில் தந்தார்கள். அண்ணை தன்னுடையதைத் தூக்கிப் பிடித்தார். கோடு மேலே ஏறிக்கொண்டே போனது.

"இது என்ர மனமோ, எங்கட ஹைகேட் றோட்டு ஏத்தமோ?"

என்னுடையது அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல் நேராகக் கிடந்தது.

"அங்கிள் ரொம்ப ஸ்டெடி," என்றாள் பிள்ளை.

"ஸ்டெடியோ!" மனைவி சிரித்தே விட்டார். "காஸ் அடுப்பை மூண்டு தரம் தொட்டுப் பாக்காமல் செருப்புப் போடாத மனுசன்!"

"முதல் படிவத்தைப் போட்டோக்கொப்பி எடுத்து வைச்சனான்," என்றேன். "பிறகு வந்ததெல்லாம் அதைப் பாத்துத்தான் எழுதினனான்."

பிள்ளைக்கு விளங்கவில்லை. அண்ணைக்கு உடனே விளங்கிவிட்டது.

"கேஸுக்குச் சொன்ன மாதிரியே?"

"ஓம் அண்ணை."

ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். இந்த நாட்டில் நான் எழுதிய ஒரே பரீட்சை அகதி விசாரணை. முதல் நாள் சொன்னதில் ஒரு சொல் மாறினாலும் பொய்யன் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயமுறுத்தியிருந்தார்கள். ஆகவே வாக்குமூலத்தின் பிரதியை வைத்துப் பாடமாக்கினேன். அதற்குப் பிறகு எந்தத் தாள் வந்தாலும் கை அதையே செய்தது. முதல் படிவத்தில் எல்லாவற்றுக்கும் இரண்டு போட்டிருந்தேன். கூடின எண் போட்டால் வேலையிடத்துக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம்.

"இனி உண்மையை எழுதினால் மற்றக் குழுவுக்குப் போகலாமோ?"

பிள்ளை வெள்ளைக்காரப் பெண்ணிடம் கேட்டுச் சொன்னாள். "ஏழு தடவைக்கு அப்புறம் ஒண்ணு மட்டும் ஏறினா, கம்ப்யூட்டர் அதை ஒரு மோசமான நாள்னுதான் எடுத்துக்குமாம். இன்னும் ரெண்டு மூணு தடவையாவது வேணும். அதுவரைக்கும் உங்க டாக்டர்கிட்ட சொல்லுங்க, அங்கிள்."

டொக்டரிடமும் வருடக்கணக்காகச் "சுகம்" என்றே சொல்லி வருகிறேன்.

கூப்பன் காசைத் திருப்பித் தருகிறேன் என்றேன். அப்படி வாங்க அவர்களிடம் வழியில்லையாம்.

"அது அரிசியாகிச் சோறாகிப் போச்சு," என்றார் மனைவி. "வாங்கோ போவம்."

எட்டாவது படிவம் வந்தது. மனைவி பக்கத்தில் இருக்க, நாலும் ஐந்துமாக வட்டம் போட்டேன். உண்மை. உறையை ஒட்டுமுன் மூலைக்கடைக்குப் போய் அதையும் போட்டோக்கொப்பி எடுத்துவந்து பழையதன் மேல் வைத்தேன். அடுத்த தடவை எதைப் பார்த்து எழுதுவேன் என்று எனக்கே தெரியாது.

எட்டாவது கூப்பன் என்னுடையதுதான், அதில் சந்தேகமில்லை. முந்தின ஏழுக்கும் நான் இன்னும் கொடுக்கவேண்டியது எழுபது பவுண்.